அயர்லாந்து கிராமத்து நகைச்சுவை நாடகத்துக்கு நடிகர் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் மேற்கே, கால்வே கவுண்டியின் சிற்றூர் ஒன்றில் இயங்கும் ஊர் நாடகக் குழுவில் சில ஆண்டுகளாக நடிகர் தேர்வு மேசையின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்துவருகிறேன். இம்முறை நாங்கள் எடுத்திருப்பது லேடி கிரகரி எழுதிய ஒற்றையங்க நகைச்சுவை நாடகம். இந்தப் பகுதியில் குடியேறிய தமிழர் சிலர் தேர்வுக்கு வர விரும்பி, ஒரே மாதிரியான ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், விடைகளை ஓரிடத்தில் தமிழில் எழுதிவைக்கிறேன்.

எந்த நாடகம்? கதை என்ன?

நாடகத்தின் பெயர் ‘ஸ்பிரெடிங் த நியூஸ்’. செய்தியைப் பரப்புதல் என்று பொருள். டப்ளினில் அபி தியேட்டர் திறக்கப்பட்ட 1904 டிசம்பர் 27 அன்று முதன்முதலாக மேடையேறியது. கதை ஒரு சந்தைத் திடலின் ஓரத்தில், ஓர் ஆப்பிள் கடையருகே நடக்கிறது. வைக்கோல் அள்ளும் கவைக்கோலை மறந்து வைத்துவிட்டுப் போன ஜாக் ஸ்மித்திடம் அதைக் கொடுத்துவிடலாம் என்று, பார்ட்லி ஃபாலன் என்னும் பாவப்பட்ட மனிதர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஒருவர் கவைக்கோலோடு இன்னொருவரைத் துரத்திக்கொண்டு போனார் என்று செய்தி புறப்படுகிறது. அடுத்த வாய்க்குப் போகும்போது சண்டையாகிறது, அதற்கடுத்த வாயில் கொலையாகிறது, கொன்றவர் செத்தவனின் மனைவியோடு அமெரிக்காவுக்கு ஓடத் திட்டமிட்டிருந்தார் என்பதுவரை அரை மணி நேரத்துக்குள் வளர்ந்துவிடுகிறது. கடைசியில் ஜாக் ஸ்மித் உயிரோடு வந்து நின்றபோதும், மாஜிஸ்திரேட் அவரை ஆள்மாறாட்டக்காரர் என்று முடிவுகட்டி இருவருக்கும் விலங்கு பூட்டச் சொல்கிறார்.

ஊரின் பெயர் நாடகத்தில் க்ளூன். ஆசிரியர் வாழ்ந்த கூல் பார்க் மாளிகைக்கு அருகிலுள்ள கோர்ட் என்ற சந்தை ஊரை மனத்தில் வைத்தே அவர் எழுதினார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

முன் அனுபவம் இல்லாதவர்கள் வரலாமா?

வரலாம். இந்த நாடகத்தை முதலில் நடித்தவர்களே பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள்தாம். பார்ட்லியாக நடித்த டபிள்யூ. ஜி. ஃபே மின்பணியாளர், அவருடைய அண்ணன் ஃபிராங்க் ஃபே அலுவலக எழுத்தர். அரங்கத்தை வாங்கிச் சீரமைக்கப் பணம் தந்த ஆனி ஹார்னிமன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, நடிகர்களுக்குச் சம்பளம் கிடைக்க வழிசெய்தது அதற்குப் பிறகுதான்.

எனக்கு ஐரிஷ் உச்சரிப்பு வராதே?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் எல்லோரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் அல்லர், டப்ளின்காரர்களும் கேட்கிறார்கள். உச்சரிப்பைப் போலி செய்ய வேண்டாம். திரைப்படங்களிலிருந்து கற்றுக்கொண்ட ‘ஐரிஷ் பேச்சு’ ஒன்று உலகம் முழுக்க உலவுகிறது. அதை ஒரு வாக்கியம் கேட்டால் போதும், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர்களின் முகம் கல்லாகிவிடும். உங்களுக்கு இயல்பாக வரும் பேச்சிலேயே, தெளிவாக, நிறுத்தி வாசியுங்கள்.

ஓசையைவிட எங்களுக்கு முக்கியம் வாக்கியத்தின் கட்டு. லேடி கிரகரியின் மாந்தர்கள் பேசுவது, அவர் வாழ்ந்த வட்டாரத்தின் பெயரால் ‘கில்டார்டன்’ பேச்சு என்று அழைக்கப்படும் ஆங்கிலம். ஐரிஷ் மொழியில் நினைத்து ஆங்கிலத்தில் பேசியவர்களின் பேச்சு அது. சொற்கள் ஆங்கிலம், எலும்பு ஐரிஷ். ஐரிஷ் மொழியில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று தனித்து நிற்கும் விடைச் சொற்கள் கிடையா. கேட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்லித்தான் விடை தருவார்கள். ஆகவே நாடகத்தின் தொடக்கத்தில், இந்த ஊரில் ஒழுங்கீனம் அதிகமோ என்று மாஜிஸ்திரேட் கேட்டால், போலீஸ்காரர் ‘இருக்கிறது’ என்கிறார். ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் இந்த இடத்தில் தடுமாறுகிறார். விடை பாதியில் நின்றுபோனதாக நினைத்து அதை விளக்க முயல்கிறார். தமிழ் பேசுபவருக்குத் தடுமாற்றம் இல்லை. “சாப்பிட்டாயா?” என்றால் “சாப்பிட்டேன்” என்றுதானே நாமும் சொல்கிறோம்! அதேபோல், அழுத்த வேண்டிய சொல்லைப் பிரித்தெடுத்து நிறுத்தும் முறையும் அவர்களிடம் உண்டு: துன்பம் எங்கிருந்து வந்தாலும் வந்து விழுவது என் தலையில்தான் என்பது பார்ட்லியின் பேச்சு. நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் புலம்புவதைக் கேட்டு வளர்ந்தவர், இந்தத் தாளத்தை ஓர் உள்ளூர் இளைஞரைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

தேர்வு எப்படி நடக்கும்? தனி வசனம் மனப்பாடம் செய்து வர வேண்டுமா?

வேண்டாம். மனப்பாடம் செய்து வந்த தனிப்பேச்சால் இந்த நாடகத்துக்கு ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் இதில் யாருக்கும் நீண்ட தனிப்பேச்சு கிடையாது. இரண்டு மாலைகள் தேர்வு நடத்துகிறோம். முதல் மாலை, வருகிறவர்களை நான்கைந்து பேராக வட்டத்தில் உட்காரவைத்துப் பிரதியின் சில பக்கங்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்வோம். ஒரு சுற்று முடிந்ததும் பாத்திரங்களை மாற்றிக் கொடுப்போம். இரண்டாம் மாலைக்கு அழைக்கப்படுபவர்கள் எழுந்து நின்று, நடந்து, பொருள்களைக் கையாண்டு நடித்துக் காட்ட வேண்டும். கவைக்கோலுக்குப் பதிலாக அன்று துடைப்பந்தான் கிடைக்கும்.

எதைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. வாசிப்பவரை நான் பார்ப்பதில்லை. தன் முறை வராதபோது ஒருவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் பார்க்கிறேன். இந்த நாடகம் முழுவதும் தவறாகக் கேட்பதைப் பற்றியது. தவறாகக் கேட்க வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டும். அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருப்பவரால் அது முடியாது.

தேர்வில் எப்போதும் கொடுக்கும் ஒரு கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் விற்கும் திருமதி டார்பிக்குக் காது மந்தம். ஜாக் ஸ்மித்தின் மனைவி எங்கே என்று அந்த அம்மாள் விசாரிக்கிறார். அவள் துவைத்த விரிப்பை வேலியின் மேல் விரித்துக்கொண்டிருக்கிறாள் என்று விடை வருகிறது. அவர் காதில் விழுவது ‘விரிப்பை விரிக்கிறாள்’ என்பது மட்டுமே. பிணத்துக்கு விரிப்பதாக எடுத்துக்கொண்டு, ஜாக் ஸ்மித் செத்தே போய்விட்டாரா, ஆண்டவரே என்று கையை விரிக்கிறார். இதை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் ‘வேலி’ என்ற சொல்லை வேண்டுமென்றே விழுங்கிவிட்டு, சிரிப்பு வரப்போகிறது என்று பார்வையாளரை நோக்கிக் கண்ணடிக்கிறார்கள். அது தப்பு. தகவல் சொல்பவர் ‘வேலி’யைத் தெளிவாகவே சொல்ல வேண்டும். கேட்பவர் அதற்கு முன்பே தன் மனத்துக்குள் சாவு வீட்டுக்குப் போய்விட்டிருக்க வேண்டும். சொல் முடிவதற்குள் கண் மாறிவிடுகிறதே, அந்த அரை நொடிக்காகத்தான் இரண்டு மாலைகளும் உட்கார்ந்திருக்கிறோம்.

நகைச்சுவை நாடகம்தானே? கொஞ்சம் கூடுதலாகவே நடித்துக் காட்டட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மேடைகளில் ‘மேடை ஐரிஷ்காரர்’ என்றொரு வார்ப்பு இருந்தது: குடி, கைத்தடி, குட்டிக்கரணம், கண்ணீர், எல்லாம் ஒரே ஆளிடம். 1897இல் லேடி கிரகரி, கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ், நாடகாசிரியர் எட்வர்ட் மார்ட்டின் மூவரும் ஐரிஷ் நாடக அரங்கு ஒன்றுக்காக ஆதரவு கேட்டு அறிக்கை எழுதியபோது, இந்த நாடு கோமாளித்தனத்தின் வீடு அன்று என்று காட்டுவோம் என்பதை அதில் வெளிப்படையாகவே எழுதினார்கள். அந்த அறிக்கையிலிருந்து பிறந்த மேடைக்கு எழுதப்பட்ட நாடகத்தில் அதே கோமாளியை மீண்டும் கொண்டுவந்து நிறுத்துவது, சமைத்த வீட்டிலேயே உப்பு இல்லை என்று சொல்வதைப் போன்றது.

பாத்திரங்களில் எவருக்கும் தாங்கள் வேடிக்கையானவர்கள் என்று தெரியாது. அவர்களுக்கு இது கொலைச் செய்தி. லேடி கிரகரிக்கு இந்தக் கரு முதலில் துயர நாடகமாகவே தோன்றியது. வதந்தியால் நல்ல பெயரை இழக்கும் ஒரு பெண்ணைத்தான் அவர் நினைத்திருந்தார். கனமான கவிதை நாடகங்களுக்குப் பக்கத்தில் போட ஒரு நகைச்சுவை தேவைப்பட்டதால், சிரிப்பின் போக்கில் விட்டுவிட்டதாகத் தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். அடியில் அந்தத் துயரம் இன்னும் இருக்கிறது. ஜாக் ஸ்மித்தின் மனைவி கிட்டி மேடைக்கே வருவதில்லை. ஊர் அவளுக்கு ஒரு கள்ளக்காதலைக் கட்டிவிட்ட செய்தி அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஒத்திகையில் நடிகர்களை நான் கேட்பதுண்டு. அதன் பிறகு சற்று நேரம் யாரும் துள்ளிக் குதிப்பதில்லை.

பார்ட்லி ஃபாலன் பாத்திரத்துக்கு எப்படிப்பட்டவரைத் தேடுகிறீர்கள்?

பாதிப் பேர் இந்தப் பாத்திரத்துக்காகவே வருகிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அழுமூஞ்சியாக வாசிக்கிறார்கள். பார்ட்லி பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் இந்தப் பிழை நேராது. தொடக்கத்தில் லேடி கிரகரியின் மனத்தில் இருந்த பார்ட்லி வெறும் மந்த புத்திக்காரர். அப்படிப்பட்டவருக்கு விலங்கு மாட்டுவது அவருக்கே கொடுமையாகப் பட்டது. பிறகு ஒருநாள் டூரஸ் என்ற கடற்கரை ஊரில் துயரமே உருவான மனிதர் ஒருவர், தாம் பட்ட பாடுகளையெல்லாம் சொல்லிவிட்டு, அமெரிக்காவுக்குப் போயிருந்தால் எப்போதோ செத்திருப்பேன், அங்கே ஓர் ஏழையை அடக்கம் செய்ய ஆகும் செலவும் அதிகம் என்றாராம். அந்தக் கணத்தில் பார்ட்லி பிறந்துவிட்டார் என்கிறார் ஆசிரியர். இந்த மாபெரும் துன்ப நாளைக் கொடுப்பதன் மூலம் அவருக்கு மகிழ்ச்சியான முதுமையைக் கொடுத்ததாகவே தமக்குத் தோன்றியது என்றும் எழுதுகிறார்.

ஆக, பார்ட்லிக்குத் தம் துன்பத்தின்மேல் ஒரு பெருமை உண்டு. வாழ்நாள் முழுக்க எதிர்பார்த்த கேடு கடைசியில் வந்தேவிட்டது, அதுவும் ஊரே பார்க்க. நான் சொன்னேனா இல்லையா என்ற நிறைவு அவருக்கு. விலங்கு பூட்டும் கட்டத்தில் அழுகிற பார்ட்லி எங்களுக்கு வேண்டாம். தம் சொல் பலித்துவிட்ட சோதிடர் போல நிமிர்ந்து உட்காருகிற பார்ட்லி வேண்டும். வயது 40 முதல் 75 வரை எதுவாயினும் சரி. கவைக்கோலோடு ஓட முடிந்தால் போதும்.

சிறிய பாத்திரம் கிடைத்தால் வருவதில் பொருளுண்டா?

போலீஸ்காரர் ஜோ மல்டூனுக்கு வரிகள் மிகக் குறைவு. நான் அதிகம் கவலைப்படும் பாத்திரமும் அதுவே. முன்பொருமுறை, மாஜிஸ்திரேட் இவரைக் கேள்வி கேட்கும் தொடக்கக் கட்டத்தைத் தேர்வுக்குக் கொடுத்திருந்தபோது, நல்ல குரல்வளம் உள்ள நான்கு பேர் வாசித்தும் அது எழவில்லை. மனைவியைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கதவருகே தொப்பியைக் கழற்றாமல் நின்றிருந்த ஒரு மாட்டுப் பண்ணைக்காரரிடம் ஆள் குறைவதாகச் சொல்லிப் பக்கத்தைக் கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை, மாஜிஸ்திரேட்டின் கேள்வியைக் கேட்டார், கூரையைப் பார்த்தார், “இருக்கிறது” என்றார். அடுத்த கேள்விக்கும் அப்படியே. மூன்றாவதுக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கெண்டியைக் கீழே வைத்துவிட்டார். அதன்பின் அவர் எங்கள் குழுவை விட்டுப் போகவே இல்லை. மனைவிக்குத்தான் அந்த ஆண்டு பாத்திரம் கிடைக்காமல் போயிற்று.

மாஜிஸ்திரேட் பாத்திரத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பாத்திரப் பட்டியலில் அவரை ‘ரிமூவபிள்’ மாஜிஸ்திரேட் என்று ஆசிரியர் போட்டிருப்பது அச்சுப்பிழை அன்று; ஆங்கில அரசு அனுப்பிய ‘ரெசிடென்ட்’ மாஜிஸ்திரேட்டுகளை, அரசு நினைத்தபோது தூக்கிவிடலாம் என்பதால் மக்கள் அப்படிக் கேலியாக அழைத்தார்கள். இவர் அந்தமான் தீவுகளில் பணியாற்றிவிட்டு வந்தவர். அங்கே என் முறை ஒருபோதும் பொய்த்ததில்லை என்பது அவர் பல்லவி. ஆப்பிள் கூடைக்கு அடியில் கள்ளச் சரக்கு தேடும்போது, அந்தமானில் உப்பு வரி ஏய்ப்பைப் பிடித்த கதையையும் இழுக்கிறார். இந்தியாவின் வைசிராயாக இருந்த டப்ளின்காரர் மேயோ பிரபு 1872இல் அந்தமானில் கைதி ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பல்லவியைப் படித்துப் பாருங்கள். இத்தகைய அதிகாரிகளை லேடி கிரகரிக்கு வீட்டுக்குள்ளிருந்தே தெரியும்: அவர் கணவர் சர் வில்லியம் கிரகரி 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர். எனவே மாஜிஸ்திரேட்டைக் கத்தும் வில்லனாக வாசிக்காதீர்கள். கோப்பு சரியாக இருந்தால் உலகமும் சரியாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பும் ஒருவர் அவர்.

பாத்திரங்களில் ஏழு பேர் ஆண்கள், மூவர்தாம் பெண்கள். எங்களுக்கு வாய்ப்பு குறைவாக இருக்காதா?

நியாயமான குறை. தேர்வுக்கு வருகிறவர்களின் கணக்கு எப்போதும் இதற்கு நேர்மாறாக இருக்கும். ஷான் ஏர்லி, டிம் கேசி, ஜேம்ஸ் ரயன் ஆகிய மூவரும் செய்தியைச் சுமந்து செல்லும் ஊர்க்காரர்கள். இந்த மூன்றில் எதையும் பெண் பாத்திரமாக மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறோம். ஆசிரியர் 1932இல் மறைந்துவிட்டதால், ஆசிரியர் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டுகள் என்ற கணக்குப்படி நாடகத்தின் காப்புரிமை இங்கே முடிந்துவிட்டது. ஆகையால் மாற்றத்துக்கு யாரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. உரிமத் தொகையும் இல்லை. பார்ட்லி, ஜாக் ஸ்மித் இருவரையும் மட்டும் ஆண்களாகவே வைத்திருக்கிறோம், வதந்தியின் அச்சு அங்கே இருப்பதால்.

திருமதி டார்பியாக உண்மையிலேயே காது கேளாதவர் நடிக்கலாமா?

நடிக்கலாம், விருப்பமுள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால் பிரதியை அனுப்பிவைப்போம், வாசிப்பு வட்டத்தில் எல்லோர் முகமும் தெரியும்படி இடம் ஒதுக்குவோம். காது கேட்பவர் நடிப்பதானால், கையைக் காதருகே குவித்து “என்ன?” என்று கத்துவதைத் தவிர்க்க வேண்டும். காது மந்தமானவர்கள் அப்படிச் செய்வதைவிட, கேட்டுவிட்டதாகக் காட்டிக்கொள்வதே அதிகம். இந்த நாடகம் நகர்வதும் அதனால்தான்.

பாடத் தெரிய வேண்டுமா?

ஜாக் ஸ்மித் மட்டும் பாடிக்கொண்டே மேடைக்குள் வருகிறார். வேலைக்குப் போகிறவர் பாடும் பாட்டுதான். சுருதி சுத்தம் எதிர்பார்ப்பதில்லை.

ஒத்திகை எவ்வளவு நாள்? ஏதேனும் கொடுப்பீர்களா?

வாரத்தில் இரண்டு மாலை, ஏழெட்டு வாரங்கள். கடைசி வாரம் நாள்தோறும். ஊதியம் கிடையாது, உறுப்பினர் சந்தாவாக நீங்கள்தான் சிறு தொகை தர வேண்டியிருக்கும். ஒத்திகை நாள்களில் எவற்றுக்கு வர முடியாது என்பதைத் தேர்வுப் படிவத்தில் உண்மையாக எழுதுங்கள். மருத்துவமனைகளில் முறைப்பணி பார்ப்பவர்கள் பலர் வருகிறார்கள். அட்டவணை முன்பே தெரிந்தால் அதற்கேற்பக் கட்டங்களைப் பிரித்துக்கொள்கிறோம். தெரியாமல் போனால்தான் பத்துப் பேர் வேண்டிய மேடையில் ஆறு பேரும் நான்கு நாற்காலிகளுமாக ஒத்திகை நடக்கும்.

அயர்லாந்தில் ஊர்க் குழுக்களுக்கான போட்டி விழாக்கள் வலுவாக வேரூன்றியவை. முழு நீள நாடகங்களுக்கான அனைத்து அயர்லாந்து இறுதி விழா 1953 முதல் அத்லோன் நகரில் நடந்துவருகிறது. ஒற்றையங்க நாடகங்களுக்கு வேறு சுற்று உண்டு. முதலில் ஊர் மண்டபத்தில் போடுவோம். விழாவுக்குப் போவதா என்பதை அதன் பிறகே முடிவெடுப்போம். வெளியூர்ப் பயணத்துக்கு வர இயலாதவர்கள் அதையும் படிவத்தில் குறிப்பிடலாம்.

தேர்வு பெறாவிட்டால் காரணம் சொல்வீர்களா?

கேட்டால் சொல்வோம். பெரும்பாலும் காரணம் நடிப்பில் இருக்காது. மனைவியாகத் தேர்வானவர் உயரமாக இருப்பார், கணவனாக வாசித்த இருவரில் ஒருவர் அவர் பக்கத்தில் நின்றதும் கூடம் சிரித்திருக்கும், அவ்வளவுதான். தேர்வானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஒரே நாளில் தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம். வேறொரு குழுவில் நான் நடிகனாகத் தேர்வுக்குப் போய், மூன்று வாரம் காத்திருந்து, பாத்திரம் இன்னொருவருக்குப் போனதை ரொட்டிக் கடை வரிசையில் தெரிந்துகொண்டேன். ஊரில் செய்தி பரவுவதைப் பற்றிய நாடகத்துக்கு அப்படி நடந்தால் பொருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் தவிர்க்கிறோம்.

இந்த நாடகத்தைத் தமிழில் போட முடியுமா?

காப்புரிமைத் தடை இல்லை. வேற்று மொழிக்குப் போவது இதற்குப் புதிதும் அன்று. தென்னாப்பிரிக்க போயர்கள் தம் நாடகத்தை மொழிபெயர்த்து, கேட்காமலே எடுத்துப் போட்டுக் கௌரவித்ததாக லேடி கிரகரியே வேடிக்கையாகக் குறித்திருக்கிறார். சிக்கல் இருபொருள்படும் சொற்களில்தான் இருக்கிறது. வேலியில் துணி விரிப்பதற்கும் பிணத்துக்குத் துணி விரிப்பதற்கும் ஒரே வினை தமிழிலும் அமைந்துவிட்டது நல்வாய்ப்பு. மற்ற இடங்களில் அத்தனை எளிதில் அமையவில்லை. சில பக்கங்கள் முயன்று பார்த்திருக்கிறேன், மாஜிஸ்திரேட்டின் கேள்விகளும் ஜோ மல்டூனின் விடைகளும் ஒரு சொல்லும் மாற்றாமல் தமிழாகிவிட்டன.

தேர்வு நாளில் என்ன கொண்டுவர வேண்டும்?

வாசிக்கக் கண்ணாடி தேவைப்படுபவர்கள் கண்ணாடி, குறித்துக்கொள்ளப் பென்சில், இரண்டாம் மாலைக்கு நிலத்தில் வழுக்காத காலணி. கனமான கம்பளிச் சட்டை ஒன்றும் கட்டாயம், மண்டபத்தின் ஹீட்டர் சூடேறுவதற்குள் பாதித் தேர்வு முடிந்துவிடும்.